வாடகைக்கு ஆள் வைக்கும்போது எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

மாடிவீட்டு மகன் | ஞாயிறு, காலை 7.50

எல்லாருக்கும் வணக்கம். தாம்பரம் சானடோரியம் பக்கம் எங்களுக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று இரண்டு போர்ஷன். கீழே நாங்கள். மேலே இரண்டு படுக்கையறை, வாடகை 14,500. போன மாதம் காலியாகி, இப்போது டூலெட் போர்டு தொங்குகிறது.

இதுவரை ஆள் வைப்பது அப்பாவின் இலாகா. வருகிறவரை வராந்தாவில் உட்கார வைத்து, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்து, பத்து நிமிஷம் முகத்தைப் பார்ப்பார். விசாரணை அவ்வளவுதான். கடைசியாக வந்தவரின் நெற்றி நிறைய விபூதி. "ரொம்பப் பணிவான பையன்டா" என்றார் அப்பா. அந்தப் பணிவான பையன் ஆறு மாத வாடகை பாக்கி வைத்தார். 87,000 ரூபாய். கையில் இருந்த அட்வான்ஸ் 43,500தான். பாதி போனது போனதுதான்.

நடுவில் இன்னொரு கூத்து. அப்பா கோபத்தில் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை வேட்டியில் முடிந்துகொண்டார். அவர்கள் போலீசுக்குப் போனார்கள். பாக்கி வைத்தவரை விட்டுவிட்டு எங்களைத்தான் சத்தம் போட்டார்கள். 78 வயதில் அப்பா அப்படித் தலைகுனிந்து நின்று நான் பார்த்ததில்லை.

இப்போது பொறுப்பு என் தலையில். நேற்று வந்த புரோக்கரின் முதல் கேள்வியே, "எந்த ஆளுங்களுக்கு சார் கொடுப்பீங்க?" எனக்கு வாய் வரவில்லை. ஏமாறவும் கூடாது, தப்பாகவும் நடக்கக் கூடாது. எப்படி விசாரிக்கிறீர்கள்?

---

குரோம்பேட்டை தாத்தா | ஞாயிறு, காலை 9.15

தம்பி, 26 வருஷமா நாலு வீடு வாடகைக்கு விடறேன். ஒரு சூட்சுமம் சொல்றேன், எழுதி வச்சுக்கோ. வர்றவன் இப்போ குடியிருக்கிற வீட்டு ஓனரைக் கேட்காதே. அவனைத் தள்ளிவிட்டாப் போதும்னு அந்த ஓனர் "தங்கமான மனுஷன்"னு சொல்லுவான். அதுக்கு முந்தின வீட்டு ஓனரைக் கேளு. அவனுக்கு இனிமே ஆகவேண்டியது ஒண்ணுமில்லே, உண்மை வரும்.

மத்தபடி என் ரூல் சிம்பிள். ஃபேமிலி மட்டும். சைவம் மட்டும். பேச்சுலர், தனியா இருக்கிற பொம்பளைங்க, நம்ம பழக்கவழக்கத்துக்கு ஒத்துவராதவங்க, இவங்களுக்கெல்லாம் கிடையாது. இத்தனை வருஷத்துல ஒரு வம்பு வந்ததில்லே.

---

பத்தொன்பதாவது வீடு | ஞாயிறு, காலை 11.02

பெரியவரே, ஒத்துவராதவங்க லிஸ்ட்ல நான் இருக்கேன். என் பேரை இங்க போடல, போட்டா உங்களுக்கே தெரிஞ்சிடும்.

2022ல வீடு தேடினேன். மனைவி, ரெண்டு பிள்ளைங்க, நிரந்தர வேலை, கையில அட்வான்ஸ். போன்ல ஆரம்பத்துல எல்லாரும் நல்லாத்தான் பேசுவாங்க. தண்ணி எப்போ வரும், கார் நிறுத்த இடம் இருக்கு, ஸ்கூல் பக்கத்துலதான், எல்லாம் சொல்லுவாங்க. கடைசியா "சார் பேரு?"ம்பாங்க. பேரைச் சொன்னதும் ரெண்டு செகண்ட் சத்தமே இருக்காது. அப்புறம், "அடடா, இப்பதான் ஒருத்தர் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனாரு." அடுத்த வாரம் அந்தத் தெருவழியாப் போனா அதே போர்டு தொங்கும்.

பதினெட்டு வீடு இப்படிப் போச்சு. பத்தொன்பதாவது வீட்டம்மா மட்டும்தான் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டாங்க. அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. சம்பளத்தைக் கேக்கிறவங்க வீட்டைக் கொடுக்க யோசிக்கிறாங்கன்னு அர்த்தம். இன்னிக்கு வரைக்கும் அஞ்சாம் தேதி தாண்டினதில்லே.

---

குரோம்பேட்டை தாத்தா | ஞாயிறு, மதியம் 12.40

கஷ்டம்தான் பாய், இல்லேன்னு சொல்லலே. ஆனா என் வீடு, நான் கட்டின வீடு, இஎம்ஐ நான் கட்டினது. யாருக்குக் கொடுக்கணும்னு சட்டம் எனக்குச் சொல்லக் கூடாது. சொல்லவும் இல்லே.

---

கறுப்புக் கோட்டு | ஞாயிறு, மாலை 6.30

பெரியவர் பாதி சரி, பாதி ஆபத்து. வக்கீல் தொழிலில் வாடகை வழக்கே என் பிழைப்பு என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அவர் சரியாகச் சொன்ன பாதி. தனியார் வீட்டை மதம் பார்த்தோ, சாப்பாடு பார்த்தோ, கல்யாணம் ஆனதா என்று பார்த்தோ மறுக்கக் கூடாது என்று பொதுவான ஒரு சட்டம் நம் நாட்டில் கிடையாது. அரசியலமைப்பின் 15வது பிரிவு பாகுபாட்டைத் தடுப்பது பெரும்பாலும் அரசை நோக்கி. அதன் இரண்டாம் உட்பிரிவு தனியாரைத் தொட்டாலும் கடை, ஓட்டல், கிணறு, குளம் என்று பொது இடங்களோடு நிற்கிறது. குஜராத்தில் பார்சிகளுக்கு மட்டும் என்று விதி வைத்திருந்த வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் வழக்கில், 2005இல் உச்ச நீதிமன்றமே சங்கத்தின் பக்கம் நின்றது.

இனி ஆபத்தான பாதி. சாதி. 1955ஆம் வருடத்துக் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4வது பிரிவில், தீண்டாமை காரணமாக ஒருவர் எந்த இடத்திலும் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்று தனியாகவே எழுதியிருக்கிறது. சிறைத்தண்டனை உண்டு. அதைவிட முக்கியம் 12வது பிரிவு: பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அந்தச் செயல் தீண்டாமையால் செய்யப்பட்டது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. "எந்த ஆளுங்க", "சொந்த ஊரில் எந்தத் தெரு", "குலதெய்வம் எது" என்று சுற்றி வளைத்துக் கேட்டு, பிறகு இல்லை என்பவர்கள் தங்களுக்கு எதிரான சாட்சியத்தைத் தாங்களே தயார் செய்கிறார்கள்.

இன்னும் இரண்டு பேர் விஷயத்தில் சட்டம் வெளிப்படையாகவே இருக்கிறது. திருநர் என்பதற்காக வாடகை வீட்டை மறுப்பதை 2019ஆம் வருடச் சட்டத்தின் 3வது பிரிவு தடை செய்கிறது. எச்ஐவி உள்ளவர் என்பதற்காக மறுப்பதை 2017ஆம் வருட எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது. இரண்டிலும் வாடகை என்ற சொல்லே இருக்கிறது.

மாடிவீட்டு மகனுக்கு: மோட்டாரைப் பூட்டியது தவறு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் 20வது பிரிவுப்படி, பாக்கி இருந்தாலும் தண்ணீர், கரண்டை நிறுத்தக் கூடாது. ஆனால் இரண்டு மாத வாடகை நின்றாலே காலி செய்யச் சொல்லி வாடகை நீதிமன்றத்துக்குப் போக 21வது பிரிவில் வழி இருக்கிறது. அதற்கு ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். உங்களிடம் இருந்ததா?

---

மாடிவீட்டு மகன் | ஞாயிறு, இரவு 9.05

20 ரூபாய் பத்திரத்தில் டைப் அடித்த 11 மாத அக்ரிமென்ட் ஒன்று. அதுவும் முடிந்து போய், புதுப்பிக்கவே இல்லை.

---

கறுப்புக் கோட்டு | ஞாயிறு, இரவு 9.20

நினைத்தேன். 11 மாதம் என்று போட்டால் பதிவு வேண்டாம் என்பது பழைய பழக்கம். இந்தச் சட்டத்தில் 11 மாதமானாலும் பதிவு உண்டு. தமிழ்நாடு அரசின் tenancy இணையதளம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். புதிதாக வருகிறவரிடம் முதலில் சொல்ல வேண்டியதே, "அக்ரிமென்டைப் பதிவு செய்வேன், சம்மதமா?" என்பதுதான். மழுப்புகிறவரை அங்கேயே தெரிந்துவிடும்.

---

ஒற்றைச் சாவி | திங்கள், காலை 8.10

தாத்தா சொன்ன "தனியா இருக்கிற பொம்பளைங்க" லிஸ்ட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 34, பெருங்குடியில் ஐடி கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கும் வேலை. வீடு பார்க்கப் போன இடத்தில் என்னிடம் கேட்ட கேள்விகள்: கல்யாணம் ஏன் ஆகவில்லை, அப்பா அம்மா ஏன் கூட இல்லை, ராத்திரி ஷிஃப்ட் என்றால் யார் கொண்டுவந்து விடுவார்கள். வாடகை ஒழுங்காகக் கட்டுவேனா என்று ஒரு ஆள் கேட்கவில்லை.

என் தொழில் அனுபவத்திலிருந்து மாடிவீட்டு மகனுக்கு ஒன்று. மனசுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு ஆளைப் பார்த்தால், பிடித்தவரிடம் எளிதான கேள்வியும் பிடிக்காதவரிடம் குடைச்சலான கேள்வியும் தானாக வந்து விழும். அதனால் போர்டு மாட்டும் முன்னாலேயே ஒரு தாளில் எழுதுங்கள். வாடகையைப்போல் மூன்று மடங்காவது வருமானம் இருக்கிறதா, கணவன் மனைவி இருவர் சம்பளமும் சேர்த்து. எத்தனை பேர் குடியிருப்பார்கள். எத்தனை வண்டி. எத்தனை வருடம் இருக்க உத்தேசம். முந்தைய வீட்டு ஓனர் நம்பர். பதிவுக்குச் சம்மதமா. கரண்ட், தண்ணீர் கணக்கு ஒத்துவருமா. இதே கேள்விகள், இதே வரிசையில், வருகிற எல்லாருக்கும். பதிலை அதே தாளில் தேதியோடு குறியுங்கள். யார் முதலில் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறாரோ அவருக்கு வீடு. நாளைக்கு யாராவது "எனக்கு ஏன் கொடுக்கவில்லை" என்று கேட்டால் காட்டவும் ஒரு காகிதம் இருக்கும்.

கேள்வியைக் கேட்குமுன் ஒரு சோதனை: இதற்கு வரும் பதிலுக்கும் வாடகைக்கும் வீட்டுக்கும் சம்பந்தம் உண்டா? எத்தனை பேர் இருப்பீர்கள் என்பதற்கு உண்டு, தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். கல்யாணம் எப்போது என்பதற்குக் கிடையாது.

---

குரோம்பேட்டை தாத்தா | திங்கள், காலை 10.30

அம்மா, ராத்திரி யார் வர்றா போறான்னு அக்கம்பக்கத்துக்காரன் என்னைத்தானே கேட்கிறான்?

---

ஒற்றைச் சாவி | திங்கள், காலை 10.52

கேட்டால் "வாடகை வருது சார்" என்று சொல்லுங்கள், ஐயா. சத்தம், பார்க்கிங், மாடிக் கதவை எத்தனை மணிக்குப் பூட்டுவது, இவைதான் தொந்தரவு என்றால் அக்ரிமென்டில் எழுதுங்கள். குடும்பத்துக்கும் எனக்கும் ஒரே விதி. குடும்பஸ்தர்களும் ராத்திரி பதினொரு மணிக்கு மிக்ஸி போடுகிறார்கள்.

---

கமிஷன் மண்டி | திங்கள், மதியம் 3.15

அந்த "எந்த ஆளுங்க" கேள்வியைக் கேட்கிற சாதிதான் நானும், அதாவது புரோக்கர். நாங்க கேட்கிறது எங்க ஆசைக்கு இல்லே சார். கேட்காம கூட்டிட்டுப் போனா ஓனர் வாசல்ல வச்சு முகத்தைத் திருப்புவாரு, வந்தவங்களுக்கு அவமானம், எனக்கு அரை நாள் பெட்ரோல். நீங்க "யாரா இருந்தாலும் பரவாயில்லே, பேப்பர் சரியா இருக்கணும்"னு சொல்லிட்டா எனக்கு வேலை மிச்சம்.

ஆனா பேப்பரை அப்படியே நம்பாதீங்க. சம்பள சிலிப்பை போன்லயே மாத்திடறாங்க. மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட்ல சம்பளம் விழுந்த வரியை மட்டும் காட்டச் சொல்லுங்க, மத்ததை மறைச்சுக்கட்டும். கம்பெனி ஐடி கார்டை நேர்ல பாருங்க.

ஆன்லைன்ல விளம்பரம் போட்டா ஒருத்தன் போன் பண்ணுவான். "மிலிட்டரில இருக்கேன், டிரான்ஸ்ஃபர்ல வர்றேன், வீட்டைப் பார்க்கவே வேணாம், அட்வான்ஸ் இப்பவே போடறேன்"ம்பான். அப்புறம் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணி பின் போடச் சொல்லுவான். பணம் வாங்கறதுக்கு பின் போட வேண்டியதே இல்லே சார். போட்டா உங்க காசுதான் போகும். வீட்டைப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்கிறவன் எவனும் வாடகைக்கு வர்றவன் இல்லே.

இன்னொண்ணு. "நாங்க கம்பெனி, உங்க வீட்டை மாச வாடகைக்கு எடுத்து எங்க ஸ்டாஃபுக்குக் கொடுப்போம்"னு டிப்டாப்பா வருவாங்க. உங்களுக்கு ரெண்டு மாசம் வாடகை கரெக்டா வரும். அந்தப் பக்கம் உங்க வீட்டையே இன்னொரு குடும்பத்துக்கு லீசுக்கு விட்டு எட்டு லட்சம், பத்து லட்சம் வாங்கிட்டுக் காணாமப் போயிடுவாங்க. உள்ளே இருக்கிற குடும்பம் அப்பாவி, நீங்களும் அப்பாவி, ரெண்டு பேரும் ஸ்டேஷன் வாசல்ல. யார் குடியிருக்கப் போறாங்களோ அவங்க பேர்லயே அக்ரிமென்ட், உள்வாடகை கூடாதுன்னு ஒரு வரி. அவ்வளவுதான்.

---

அரசூர் இன்ஷியல் | திங்கள், இரவு 8.44

இ-கோர்ட்ஸ் தளத்தில் பெயர் போட்டு வழக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி என் மைத்துனர் யோசனை கொடுத்தார். பார்த்தேன். நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, ஒற்றை எழுத்து இன்ஷியலும் ஒரு பெயரும்தான். "எஸ். குமார்" என்று போட்டால் செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் பக்கம் பக்கமாக வருகிறது. செக் மோசடி, விவாகரத்து, நிலத்தகராறு. இதில் என் எஸ். குமார் யார்? அப்பா பெயரும் ஊரும் ஒத்துப்போகாமல் ஒருவரைக் குற்றவாளியாக்கிவிடாதீர்கள். வழக்கு இருப்பதும் குற்றம் இல்லை; ஓனர் மீது அட்வான்ஸ் கேட்டு வழக்குப் போட்டவராகக்கூட இருக்கலாம்.

சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் மதிப்பெண் பற்றியும் அதேதான். நாம் நேரடியாக எடுக்க வழி இல்லை. அவரவர் ரிப்போர்ட்டை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக எடுக்கலாம். விருப்பமிருந்தால் காட்டட்டும், கட்டாயப்படுத்தினால் எல்லாரிடமும் கட்டாயப்படுத்துங்கள்.

---

மாடிவீட்டு மகன் | செவ்வாய், காலை 7.30

ஆதார் ஜெராக்ஸ் வாங்கலாமா? போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்க வேண்டுமா? அட்வான்ஸ் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறார்களே, பழைய ஆளிடம் பட்டதற்கு இந்த முறை பத்து மாதம் கேட்கலாம் என்று மனைவி சொல்கிறாள்.

---

கறுப்புக் கோட்டு | செவ்வாய், இரவு 7.10

ஆதார்: அடையாளத்துக்கு ஏதாவது ஒரு ஆவணம் கேளுங்கள், ஆதாரே வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். வாக்காளர் அட்டை, லைசென்ஸ், பாஸ்போர்ட் எதுவும் போதும். ஆதாரே கொடுத்தால், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதார் ஆணையத் தளத்திலேயே கிடைக்கிறது, அதை வாங்குங்கள். நகலின் மேல் "வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்" என்று தேதியோடு அவர் கையாலேயே குறுக்காக எழுதச் சொல்லுங்கள். வீடு கொடுக்காதவர்களின் நகலைக் கிழித்துவிடுங்கள். டீக்கடையில் பஜ்ஜி மடிக்கிற காகிதத்தில் யாரோ ஒருவரின் ஆதாரை நான் பார்த்திருக்கிறேன்.

போலீஸ்: 2012இல் வேளச்சேரி வாடகை வீட்டில் இருந்த வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்ற சம்பவத்துக்குப் பிறகு, சென்னையில் வாடகைதாரர் விவரத்தை ஸ்டேஷனில் கொடுக்க குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144வது பிரிவின் கீழ் உத்தரவு போட்டார்கள். அப்படிப்பட்ட உத்தரவுக்கு ஆயுள் இரண்டு மாதம், அரசு நினைத்தால் ஆறு மாதம் வரை நீட்டலாம். இப்போது அந்தப் பிரிவு, பழைய சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 163 ஆகிவிட்டது. உங்கள் கமிஷனரேட்டில் உத்தரவு அமலில் இருக்கிறதா என்று ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் விவரம் கொடுத்து வைப்பதில் நஷ்டமில்லை. ஆனால் வடநாட்டுப் பையன்களுக்கு மட்டும் கொடுத்து, நம்மூர்க் குடும்பத்துக்கு விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்குக் கொடுத்தால் மட்டும் கதை வேறு. லண்டனிலிருந்து வரும் யாழ்ப்பாணத்து உறவினரானாலும், வெளிநாட்டவர் தங்குகிற விவரத்தை (முன்பு சி ஃபார்ம் என்பார்கள்) 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற்ற வேண்டும்.

அட்வான்ஸ்: வாடகைச் சட்டத்தின் 11வது பிரிவு மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் அந்த வாக்கியமே "மாறாக ஒப்பந்தம் இருந்தாலொழிய" என்ற பொருளில்தான் தொடங்குகிறது. அந்த ஓட்டையில்தான் சென்னை இன்னும் ஆறு மாதம், பத்து மாதம் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டப்படி முடியும் என்பதால் கேட்காதீர்கள். 1,45,000 ரூபாயை மொத்தமாகத் தூக்கிக் கொடுக்கக்கூடியவரைத்தான் அது வடிகட்டும், மாதாமாதம் ஒழுங்காகக் கட்டுகிறவரை அல்ல. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தரவும் வேண்டும். உங்களிடம் அப்போது இருக்குமா?

---

பத்தொன்பதாவது வீடு | செவ்வாய், இரவு 9.36

கடைசிக் கேள்விதான் கேள்வி. நாங்களும் ஓனரை விசாரிக்கிறோம் சார். அட்வான்ஸை எப்படித் திருப்பினார், பெயிண்டிங்னு எவ்வளவு பிடிச்சார், சப் மீட்டருக்கு யூனிட் எட்டு ரூபா போடறாரா பத்து ரூபா போடறாரா, வாடகைக்கு ரசீது, பான் நம்பர் கொடுப்பாரா. ஆஃபீஸ்ல எச்ஆர்ஏ, அதாவது வீட்டு வாடகைப் படிக்கு வரி கழிக்க வருஷம் ஒரு லட்சத்துக்கு மேல வாடகைன்னா ஓனர் பான் கேக்கிறாங்க. "பணமாக் கொடுங்க, பான் எல்லாம் கேக்காதீங்க"ன்னு சொல்ற ஓனர் என்னை மட்டும் சந்தேகப்படறதுல என்ன நியாயம்?

---

மாடிவீட்டு மகன் | 26 நாள் கழித்து, ஞாயிறு, மாலை 5.20

இழையை மேலே தூக்குவதற்கு மன்னிக்கவும். ஆள் வந்துவிட்டார்கள்.

ஒற்றைச் சாவி மேடம் சொன்ன தாளை எழுதி, பத்து ஜெராக்ஸ் எடுத்து வைத்தேன். புரோக்கரிடம் "எந்த ஆளுங்களானாலும் சரி" என்றேன். ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஒருவர் தாளைப் பார்த்ததும் "என்ன சார், பாஸ்போர்ட் ஆபீஸ் மாதிரி" என்று எழுந்து போய்விட்டார். இரண்டு பேருக்கு வருமானம் பொருந்தவில்லை, அதை நேராகச் சொன்னேன். ஒருவர் நன்றி சொன்னார். இன்னொருவர் பதிவு வேண்டாம், ஆயிரம் ரூபாய் கூடத் தருகிறேன் என்றார். பழைய நானாக இருந்தால் ஆயிரம் ரூபாய்க்கு மயங்கியிருப்பேன்.

எல்லாவற்றுக்கும் முதலில் பொருந்தியவர்கள் இரண்டு பெண்கள். ஜிஎச்சில் நர்ஸ்கள், ஒருவர் திருவாரூர்ப் பக்கம், ஒருவர் நாகர்கோவில். தாத்தா சொன்ன மாதிரி முந்தின ஓனருக்குப் போன் போட்டேன். "போயிட்டாங்களேன்னு இன்னும் இருக்கு, என் மகனுக்கு வேணும்னுதான் வீட்டைத் திரும்ப வாங்கினேன்" என்றார். 43,500 அட்வான்ஸ். பதிவுக்கு விண்ணப்பித்தாகிவிட்டது.

எனக்கு ஒரு சறுக்கல் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவர்களுக்கு முன்னால் வந்த பையன் ஒருவன் அசாம்காரன், ஓட்டலில் வேலை. நம்பகமாகத்தான் பேசினான். ஆனால் தாளை முழுசாகக் கேட்காமல் "அப்புறம் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி அவன் தாளைப் பார்த்தால் நாலு கேள்விக்குக் கீழே வெறும் வெள்ளை. மறுநாள் கூப்பிட்டு மீதியைக் கேட்டேன். எட்டுப் பேர் இருப்போம் என்றான். தொட்டித் தண்ணீர் காணாது, காரணத்தைச் சொன்னேன். அவனுக்கு அது பழகிப்போன பதில்போல, "டீக் ஹை அண்ணா" என்று வைத்துவிட்டான்.

அப்பா? நர்ஸ் பெண்கள் வந்த அன்று வழக்கம்போல வராந்தாவில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். முகத்தைப் பார்த்தார். "நீங்க என்ன..." என்று ஆரம்பித்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "...வண்டி வச்சிருக்கீங்க?" என்று முடித்தார். ஒரு ஸ்கூட்டிதான் என்றார்கள். இப்போது அவர் குறை, அந்த ஸ்கூட்டியை அவருடைய துளசி மாடத்தை ஒட்டி நிறுத்துகிறார்கள் என்பது. அக்ரிமென்டில் பார்க்கிங் எங்கே என்று எழுத மறந்துவிட்டேன்.

---

குரோம்பேட்டை தாத்தா | ஞாயிறு, மாலை 6.05

அந்தத் தாளை இங்கே போட்டோ எடுத்துப் போடு தம்பி. ரெண்டாவது வீடு அடுத்த மாசம் காலியாகுது. போட்டுட்டு, பார்க்கிங்குக்கும் ஒரு வரி சேர்த்துடு.